தளர்த்தும் நஞ்சு

எனக்குத் தேள் என்றால் பயம். சொன்னால் சிரிப்பார்கள். தேள் விஷத்தைப் பற்றி நான் எழுதியதைப் பல நாட்டுக் கல்லூரிகளில் பாடமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் உயிருள்ள தேளை நான் ஒரே ஒரு முறைதான் நேரில் பார்த்திருக்கிறேன், அதுவும் எங்கள் வீட்டுக் குளியலறையில். ஆய்வகத்துக்கு விஷம் பார்சலில் வரும். சிறு குப்பிக்குள் சீனியை இடித்த மாதிரி வெள்ளைப் பொடி. அதற்குக் கொடுக்கும் கிடையாது, காலும் கிடையாது.

அன்று குளியலறையில் நான் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி நின்றுகொண்டு மச்சானைக் கூப்பிட்டேன். என் மனைவியின் தம்பி. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன் எழுந்து வந்தான், பார்த்தான், செருப்பைக் கழற்றி ஒரே போடாகப் போட்டான்.

"மன்னிச்சுக்குங்க அத்தான். உங்க பொழப்ப நசுக்கிட்டேன்" என்றான்.

அப்படிப்பட்ட ஆள். நீங்கள் கேட்பது அவனைப் பற்றித்தான் என்று தெரியும், ஐயா. சொல்கிறேன். அதற்கு முன் தசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் என் பக்கத்து நியாயம் உங்களுக்குப் புரியாது. தேநீர் ஆறினால் ஆறட்டும்.

நம் உடம்பில், இதயத்தை விட்டுவிட்டால், தசை இரண்டு ரகம். கையைத் தூக்கு என்றால் தூக்கும் ரகம் ஒன்று. நாம் தலைகீழாக நின்று கத்தினாலும் காதில் வாங்காத ரகம் இன்னொன்று. குடலையும் இரத்தக் குழாயையும் மூச்சுக் குழாயையும் சுற்றியிருப்பது இந்த இரண்டாவது ரகம். மென்தசை என்று பெயர். அதன் ஒவ்வொரு செல்லின் மேலுறையிலும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கதவுகள் உண்டு. கால்சியத்துக்கு ஒரு கதவு, பொட்டாசியத்துக்கு ஒரு கதவு. கால்சியம் உள்ளே நுழைந்தால் செல் விறைத்துச் சுருங்கும். போதும் என்ற நிலை வந்ததும் பொட்டாசியக் கதவு திறக்கும், பொட்டாசியம் வெளியேறும், செல் அடங்கும், தசை தளரும். வீட்டில் கோபம் வந்தவர் வாசலுக்குப் போய்ச் சற்று நின்றுவிட்டுத் திரும்புவதைப் போல.

தேள் விஷத்தில் உள்ள சில நச்சுப் புரதங்கள் அந்தப் பொட்டாசியக் கதவின் வாயில் போய், புட்டிக்குத் தக்கை வைத்ததுபோல் உட்கார்ந்துகொள்ளும். கோபம் வெளியே போக வழியில்லை. தசை இறுகும், மேலும் இறுகும். இது பாடப்புத்தகத்தில் இருப்பது. நான் கண்டுபிடித்ததோ இதற்கு நேர் எதிர். ஒரு குறிப்பிட்ட தேளின் நஞ்சு மூச்சுக் குழாய்த் தசையைத் தளர்த்துகிறது என்று நான் நிரூபித்தேன். தளர்த்தினால் குழாய் அகலும். அகன்றால் ஆஸ்துமாக்காரர்களுக்கு மருந்து. எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள்.

செய்முறை எளிது. எலியின் மூச்சுக் குழாயிலிருந்து மோதிரம் போல ஒரு துண்டு வெட்டி, இதமான சூட்டில் உப்பு நீர் நிரம்பிய கண்ணாடிக் கிண்ணத்தில் கொக்கியில் தொங்கவிடுவோம். துண்டு இறுகினால் திரையில் கோடு ஏறும், தளர்ந்தால் இறங்கும். ஊர் உலகம் முழுக்க ஏறுகிறது என்று சொன்ன கோடு என் ஆய்வகத்தில் இறங்கியது. எல்லோரும் சொன்னதையே நானும் சொன்னால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? இயக்குநர் ஓடி வந்து கட்டிக்கொண்டார். என் பெயர்ப் பலகை சின்னதாகத் தெரியும் அளவுக்குப் பெரிய அறை எனக்குக் கொடுத்தார், பிறகு அந்த அறைக்குத் தக்கபடி பலகையையும் மாற்றினார்.

ஒழுங்கான ஆய்வாளர், மருந்து போடாத ஒரு துண்டையும் பக்கத்திலேயே தொங்கவிட்டு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நானும் தொங்கவிட்டேன். அதுவும் தளர்ந்தது. மருந்தே போடாமல் தளர்கிற தசை பழுதான தசையாகத்தானே இருக்கும்? அப்படிப்பட்டவற்றைக் கழித்துவிட்டேன். மிச்சமிருந்தவை எல்லாம் என் கருத்துக்கு அழகாக ஒத்துப்போயின.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மற்ற ஆய்வகங்களில் விஷத்தைக் கரைக்கும்போது சாதுவான வேறொரு புரதத்தையும் ஒரு சிட்டிகை சேர்ப்பார்கள். ஏன் என்று கேட்டால் "அது வழக்கம்" என்பார்கள். எனக்கு வழக்கத்தின் மேல் மரியாதை இல்லை. என் கரைசலில் விஷமும் உப்பு நீரும் தவிர மூன்றாவது பொருள் கிடையாது. இதைக் கூட்டங்களில் சொல்லும்போது கைதட்டுவார்கள். சுத்தத்துக்கு எப்போதும் ஒரு மதிப்பு உண்டு.

மச்சானுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தினான். இன்ஹேலர் இல்லாமல் அவனை யாரும் பார்த்திருக்க முடியாது, சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் அது இருக்கும். என் மருந்தை மனிதர்களிடம் சோதிக்கப் போகிறோம் என்று செய்தி வந்ததும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவன் அவன்தான்.

"நம்ம வீட்டு மருந்த மொதல்ல ஊர்க்காரனா இழுப்பான்? நான் இழுக்கறேன் அத்தான். நல்லா இருந்தா என் வண்டிப் பின்னாடி உங்க போட்டோவையே ஒட்டிக்கறேன்" என்றான்.

அவனைச் சேர்த்துக்கொள்ளலாமா என்பதை நெறிமுறைக் குழு விவாதித்தது. நல்ல குழு. முன்பு எலிகளுக்காகக் கூடியபோது, கூண்டில் தனியாக இருந்தால் எலி மனம் வாடுமா, படுக்கைக்கு மரத்தூள் போதுமா, காகிதச் சுருளா என்று பகல் முழுக்க விவாதித்து என்னைக் களைக்க வைத்தவர்கள். மச்சான் விஷயத்தில் அவ்வளவு சிரமம் இருக்கவில்லை. ஆய்வாளரின் வீட்டில் வசிப்பவரைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. அவன் வசிப்பது அடுத்த தெருவில். எல்லோரும் எழுந்து சாப்பிடப் போனார்கள். ஒப்புதல் படிவத்தை அவன் படிக்கவில்லை. "படிச்சா பயம் வரும். நீங்கதான் இருக்கீங்களே" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான்.

சோதனைக்கு முதல் நாள் மத்தியானம் என் ஆய்வகத்துப் பெண் ஒருத்தி அறைக்குள் வந்தாள். நாங்கள் அவளைச் சந்தேகக்காரி என்று கூப்பிடுவோம். முனைவர் பட்டம் வாங்கியவள், ஆனாலும் கடிகாரம் மணி காட்டினால் அடுத்த அறைக் கடிகாரத்தையும் பார்த்துவிட்டு வருவாள். மருந்துத் தொழிற்சாலையிலிருந்து வந்த புதுக் குப்பிகளைச் சரிபார்க்கும் வேலையை அவளிடம் கொடுத்திருந்தேன்.

"சார், கோடு மேல போகுது" என்றாள்.

"தசை பழுதா இருக்கும்."

"மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துட்டேன் சார். எல்லாம் மேலதான் போகுது. இறுகுது சார், கொக்கியே வளையற மாதிரி."

"திரையத் தலைகீழா வச்சிட்டியா?"

அவள் சிரிக்கவில்லை. "சார், தொழிற்சாலைக்காரங்க மருந்து கெடாம இருக்கறதுக்காக வேற புரதத்தையும் சேத்திருக்காங்க. நம்ம கரைசல்ல அது இல்ல. எதுக்கும் பாத்துடலாம்னு நாம இத்தன நாளா கரைச்சு வச்ச பிளாஸ்டிக் குழாய்ங்கள எடுத்து, உள்பக்கத்தச் சுரண்டிக் கழுவிப் பாத்தேன்."

"என்ன இருந்தது?"

"விஷம் சார். பூராவும் சுவர்லயே ஒட்டிக்கிட்டு இருக்கு. தண்ணிக்குள்ள ஒண்ணும் இல்ல."

உட்காரச் சொன்னேன். அவளுக்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது, அந்த அளவுக்கு எனக்கு அறிவு உண்டு. அந்தச் சிட்டிகைப் புரதம் வழக்கத்துக்காகச் சேர்த்தது இல்லை. அது முதலில் போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு, விஷத்துக்கு ஒட்ட இடமில்லாமல் செய்யும். விஷம் நீரிலேயே நிற்கும். நான் சேர்க்கவில்லை. ஆகவே இத்தனை வருஷமாக நான் தசைக்கு ஊற்றியது வெறும் உப்பு நீர். தசை தளர்ந்தது நஞ்சால் அல்ல, நேரம் போகப் போகக் கொக்கியில் தொங்கிச் சோர்ந்துபோனதால். சோர்வை மருந்து என்று எழுதியிருக்கிறேன். மருந்து போடாத துண்டுகளும் அதையேதான் சொல்லின. அவற்றைத்தான் நான் கழித்துவிட்டேனே.

தொழிற்சாலைக் குப்பியிலோ நஞ்சு முழுசாக நீரில் இருந்தது. பாடப்புத்தகத்தில் சொன்னதைத்தான் அது செய்யும்.

"நாளைக்கு நடக்கறத நிறுத்திடுவீங்கல்ல சார்?" என்று கேட்டாள்.

"இயக்குநர்கிட்ட பேசறேன். நீ ரொம்பக் களைச்சுப் போயிருக்கம்மா. நாலு நாள் லீவு எடுத்துக்கிட்டு அம்மாவப் பாத்துட்டு வா" என்றேன்.

நம்பிப் போனாள். சந்தேகக்காரி என்று பேர்தான். பெரியவர்கள் கனிவாகப் பேசினால் அவளுக்கும் சந்தேகம் வருவதில்லை.

நான் அவசரப்பட்டு முடிவெடுக்கும் ஆள் இல்லை, ஐயா. நாற்காலியில் சாய்ந்து நிதானமாக யோசித்தேன். நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டும். உப்பு நீரை ஆராய்ந்தேன் என்பதுதான் காரணம். கீழே புதுக் கட்டடத்துக்குத் திறப்பு விழா ஏற்பாடாகியிருந்தது, விருந்தினர்கள் வந்து இறங்கியாகிவிட்டது. இயக்குநரின் மனம் எவ்வளவு புண்படும்? தவிரவும், எலிக்கு இறுகுவது மனிதனுக்கும் இறுகும் என்று யார் சொன்னது? மனிதனுக்குத் தளரலாம். கொடுத்துப் பார்க்காமல் தெரியாது. அப்படிக் கொடுத்துப் பார்ப்பதாக இருந்தால், ஒரு பாவமும் அறியாத யாரோ ஒருவரை ஆபத்தில் மாட்டிவிடுவது நியாயமா? மச்சான் என்றால் நம் ஆள். எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டான். இப்படி எல்லாப் பக்கமும் பார்த்த பிறகு மனம் இலேசாகிவிட்டது.

அன்று மாலை அவன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். சோதனைக்கு முதல் நாளிலிருந்து வேறு மருந்து எதுவும் எடுக்கக் கூடாது என்பது விதி. கேட்டதும் சட்டைப் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து என் கையில் வைத்தான்.

என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. "என்னங்க, அது இல்லாம இவன் மாடிப்படிகூட ஏற மாட்டானே. ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஆகாது" என்றேன்.

"அக்கா, கார் ஓட்டத் தெரியாதவங்க பக்கத்துல தெனமும் நம்பி உக்கார்றவன் நான். அத்தான் பக்கத்துல உக்கார மாட்டேனா?" என்றான் மச்சான். அவள் சிரித்துவிட்டாள். அவனுக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

மறுநாள் காலை அவனைக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்தோம். வெள்ளைச் சுவர், வெள்ளை விரிப்பு, ஜன்னலோரம் திரை. முகமூடி வழியாக மருந்து புகையாக வரும். முகமூடியோடு இணைந்த கருவி, மூச்சுக் குழாய் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளந்து திரையில் கோடு போடும். தட்டில் அவசர ஊசி தயாராக இருந்தது. சுவரில் அழைப்பு மணி, அவன் கைக்கு எட்டாத தூரத்தில், என் கைக்கு எட்டும் தூரத்தில். பணி மருத்துவர் கட்டிலருகே நின்றார்.

அப்போது கீழேயிருந்து இயக்குநர் கூப்பிட்டார். திறப்பு விழாப் புகைப்படத்தில் வெள்ளைக் கோட்டுக்காரர்கள் குறைவாகத் தெரிகிறார்களாம்.

"நான் இங்கேருந்து நகரக் கூடாது சார்" என்றார் மருத்துவர். பாவம், ஒழுங்கான மனிதர்.

"நான் இருக்கேன்ல? போட்டோ எடுத்துட்டு உடனே வந்துடுங்க. இயக்குநர் ரெண்டாந்தரம் கூப்பிட்டா நல்லா இருக்காது."

அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே போனார். நான் மருந்தைத் திறந்துவிட்டேன்.

"வாசன ஒண்ணும் இல்லையே அத்தான். ஸ்ட்ராபெர்ரி மாதிரி எதாவது கலந்திருக்கலாம்" என்றான் மச்சான். அது அவன் முழுசாகப் பேசிய கடைசி வாக்கியம்.

கோடு ஏறியது. மனிதனிடமும் ஏறுகிறது என்று அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. என் கருத்து தவறு என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபணமானது. வருத்தமாக இருந்தது. ஆனால் அதே சமயம், உயிருள்ள மனிதனின் மூச்சுக் குழாயில் இந்த நஞ்சு கதவை அடைப்பதை உலகில் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதும் மனதில் பட்டது. அந்தக் கோடு அவ்வளவு சுத்தமாக இருந்தது. எலித் துண்டில் அப்படி ஒரு கோடு கிடைக்காது.

அவன் முகமூடியை இழுக்கப் பார்த்தான். அளவு கெட்டுவிடும் என்பதால் நான் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவன் கை சட்டைப் பையைத் தடவியது, பை காலியாக இருந்தது. பிறகு சுவரைக் காட்டினான்.

"அத்தான்... மணி..."

"கொஞ்சம் பொறு மச்சான்" என்றேன்.

ஏறுகிற கோடு ஓரிடத்தில் தட்டையாக வேண்டும், ஐயா. அதுதான் நஞ்சு தன் வேலையை முடித்த இடம். பாதியில் விட்ட கோட்டை எந்த ஆய்விதழும் வாங்காது. அவன் பட்ட சிரமம் வீணாகிவிடக் கூடாது என்றுதான் நான் காத்திருந்தேன். அவன் உதடு நீலமாகும்போதும் கண் என் மேலேயே இருந்தது. ஏதோ ஒரு காரணம் இருக்கும், அத்தானுக்குத் தெரியும் என்று நினைக்கிற கண். கோடு தட்டையானது. தட்டையாகச் சற்று ஓடவும் விட்டேன். பிறகு முகமூடியைக் கழற்றிவிட்டு மணியை அடித்தேன். செவிலியர் ஓடிவந்தார், மருத்துவர் ஓடிவந்தார், ஊசியும் போட்டார்கள். எல்லோரும் மிக வேகமாகச் செயல்பட்டார்கள். இதை நான் குழுவிடமும் சொன்னேன்.

குழு விசாரித்தது. எல்லாக் கையெழுத்துகளும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. மருந்தின் எதிர்பாராத விளைவு என்று முடிவு செய்தார்கள். இனிமேல் சோதனை நடக்கும் நேரத்தில் புகைப்படம் எடுக்க வேண்டாம் என்று ஒரு பரிந்துரையும் செய்தார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. என் பழைய கருத்து தவறு, நஞ்சு மனித மூச்சுக் குழாயை இறுக்கவே செய்கிறது, இதோ ஆதாரம் என்று ஒரு கட்டுரை எழுதினேன். சொந்தத் தவற்றை ஒப்புக்கொள்ளும் விஞ்ஞானியை இந்தக் காலத்தில் எங்கே பார்க்க முடிகிறது? பாராட்டுகள் குவிந்தன. ஒரு மாநாட்டில் எழுந்து நின்று கைதட்டினார்கள். நேர்மைக்காக எனக்கு ஒரு விருது தரப்போவதாக இயக்குநர் சொன்னார். முதல் கண்டுபிடிப்புக்கு வந்ததை விட இது பெரிய விருது.

சந்தேகக்காரி லீவிலிருந்து திரும்பியதும் தன் சோதனையைப் பற்றி என்னிடம் கேட்டாள். இயக்குநரிடம் சொன்னேன், அவர்தான் கேட்கவில்லை என்றேன். அப்போது தலையாட்டிவிட்டுப் போனாள். கட்டுரை அச்சில் வந்த அன்று மறுபடி வந்தாள். கோட்டின் படத்தில் தட்டையான இடத்தின் மேல் விரலை வைத்தாள்.

"சார், எலித் துண்டுன்னா இது கிடைக்கும். அது மூச்சு விட வேண்டியதில்ல. உசுரோட இருக்கற மனுசன்கிட்ட இந்த எடம் எப்படி சார் கிடைச்சது?"

நல்ல கேள்வி. அவளை நான்தான் பயிற்றுவித்தேன், பெருமையாக இருந்தது. அவள் என் பதிலுக்குக் காத்திருக்காமல் நேராக என் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மாலை நான் போனபோது என் மனைவி சாப்பாட்டு மேசையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அவன் மணி அடிக்கச் சொன்னானா?" என்று கேட்டாள்.

"சொன்னான்."

"உங்களுக்குக் கை எட்டலியா?"

"எட்டும்."

அவளிடம் நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை. முதல் நாள் "ஆகாது" என்று சொன்னதைப் பொய் என்று கொள்ள முடியாது, அது அப்போதைய கணிப்பு. அவள் அழவில்லை. எழுந்து போய்த் தம்பியின் இன்ஹேலரை என் அலமாரியிலிருந்து எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "எழுந்திரு. போலீஸுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாள். வந்தேன்.

ஆக, உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுதான். நஞ்சு மூச்சை இறுக்கும் என்று தெரிந்தே கொடுத்தேன். இறுக்குவதைப் பார்த்தபடி காத்திருந்தேன். முதலிலேயே மணியை அடித்திருந்தால் அவன் பிழைத்திருப்பான், அதுவும் தெரியும். அவனைக் கொன்றது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றுதான் மனதுக்குச் சங்கடமாக இருக்கிறது. என்னை இங்கே விட்டுவிட்டுப் போகும்போது என் மனைவி, "நீ மனுசனே இல்ல" என்றாள். நீங்கள் வாயால் சொல்லவில்லையே தவிர, உங்கள் பார்வையும் அதைத்தான் சொல்கிறது. படித்தவர் நீங்கள், கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஒரே ஓர் ஆளிடம் நடந்ததை வைத்துக்கொண்டு யாரும் அப்படியெல்லாம் முடிவுக்கு வந்துவிடக் கூடாது, ஐயா.